செஞ்சிக்குச் செல்ல ஏற்ற காலம் எது?

(வரலாற்று ஆசிரியை ஒருவர்)

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும் ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒரு கேள்வி எழுந்துவிடும். "டீச்சர், இந்த வருஷம் எங்கே கூட்டிட்டுப் போறீங்க?" மாமல்லபுரமா, பிச்சாவரமா, திருவக்கரையா, செஞ்சியா என்று மாணவியரிடையே ஒரு தேர்தலே நடக்கும். ஆசிரியைகள் அறையிலும் அதே பேச்சு. ஆனால், "எந்த மாதத்தில் போனால் நல்லது? எந்த வேளையில் போனால் நல்லது?" என்று எவரும் கேட்டு நான் அறியேன். இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும் நாம், காலத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடமும் செலவிடுவதில்லை.

வள்ளுவப் பெருந்தகை 'காலமறிதல்' என்று தனி அதிகாரமே வகுத்தார். அது படை நடத்தும் அரசர்க்குச் சொன்ன அறிவுரை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். நாற்பது சிறுமியரை மலைமேல் அழைத்துச் செல்லும் ஆசிரியையும் ஒரு வகையில் படை நடத்துபவள்தானே! சுற்றுலா இனிதாவதும் இன்னலாவதும் நாம் செல்லும் இடத்தைப் பொறுத்ததன்று; செல்லும் காலத்தைப் பொறுத்தது. இதுவே என் கருத்து. இதைச் செஞ்சிக் கோட்டையை வைத்தே சொல்ல விரும்புகிறேன்.

நம் வீட்டு வாசலில் ஓர் உலக அதிசயம்

திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் உள்ள இரும்பை என் சொந்த ஊர். இரும்பை, கிளியனூர், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் செஞ்சி தொலைதூர ஊரன்று. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலை அந்தக் கோட்டைக்கு ஊடாகவே செல்கிறது. அவ்வழியே பேருந்தில் போன எந்தக் குழந்தையும், யாரோ அரக்கன் அள்ளிக் கொட்டியது போன்ற அந்தப் பாறைக் குன்றுகளை எட்டிப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டாள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று மலைகளையும் மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை அது. ராஜகிரி மட்டும் 800 அடி உயரம்.

கோனார் குலத் தலைவர்கள் தொடங்கிய இக்கோட்டையை விஜயநகர ஆட்சியின்கீழ் நாயக்கர்கள் பெருக்கினர். பின்பு பீஜப்பூர் சுல்தான் 1649-இலும், மராட்டிய வீரர் சிவாஜி 1677-இலும், மொகலாயர் 1698-இலும், பிரெஞ்சுக்காரர் 1750-இலும், ஆங்கிலேயர் 1761-இலும் கைப்பற்றினர். தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் நாம் கேட்ட தேசிங்கு ராஜன் 1714-இல் போரிட்டு மடிந்தது இந்த மண்ணில்தான். 1597-இல் இங்கு வந்த இயேசு சபைத் துறவி பிமெந்தா, தம் நாடான போர்ச்சுக்கல்லில் லிஸ்பன் நகர் ஒன்று நீங்கலாக இத்துணைப் பெரிய நகர் இல்லை என்று வியந்து எழுதினார்.

2025 ஜூலையில், மராட்டியரின் படைத்துறைச் சிறப்பைக் காட்டும் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி! இனி மாநிலத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் பள்ளிப் பேருந்துகள் இங்கு வந்து நிற்கப் போகின்றன. ஆகவே, "எப்போது?" என்ற கேள்வியை இப்போதாவது கேட்டாக வேண்டும்.

நான் மறக்க முடியாத ஒரு நாள்

பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. வேறொரு பள்ளியில் நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஏப்ரல் மாதம், ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், ஏழாம் வகுப்பு மாணவியரைச் செஞ்சிக்கு அழைத்துச் சென்றோம். ஏழு மணிக்கு வர வேண்டிய பேருந்து எட்டரைக்கு வந்தது. வழியில் சிற்றுண்டி, பாட்டு, கைதட்டல். கோட்டை வாசலை அடைந்தபோது மணி பதினொன்று. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு மேலே ஏறாமல் போவதா?" என்று ராஜகிரியின் படிகளில் ஏறத் தொடங்கினோம்.

பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயிலை நெருங்கும்போது, வரிசையின் கடைசியில் வந்த ஒரு சிறுமி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தலை சுத்துது டீச்சர்" என்றாள். முகம் சிவந்திருந்தது, உடம்பில் அனல் பறந்தது. நான் அவளைத் தாங்கிப் பிடிப்பதற்குள் மயங்கிச் சரிந்தாள். படியோரம் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, தன் முந்தானையைக் குடை போல் விரித்து நிழல் தந்தார். வழியில் வந்த இரண்டு இளைஞர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவள் தோளில் மாட்டியிருந்த தண்ணீர்ப் புட்டியை நான் எடுத்துப் பார்த்தேன். அது நிறைந்தபடியே இருந்தது!

மாலையில் அவள் தெளிந்து பேசத் தொடங்கிய பின் கேட்டேன்: "ஏம்மா, காலையிலிருந்து ஒரு வாய்கூடத் தண்ணி குடிக்கலையா?" அவள் தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னாள்: "மேல பாத்ரூம் இல்லைன்னு அக்காங்க சொன்னாங்க டீச்சர். அதான்."

இரவு அவளை வீட்டில் விட்டபோது, அவள் தாய் என்னை ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொண்டே ஒன்றுதான் கேட்டார்: "காலையிலேயே போயிருக்கக் கூடாதா டீச்சர்?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. அந்தப் பள்ளியின் பெயர் இங்கே எதற்கு? அன்று உடன் சென்ற பெரியவர்கள் அனைவரும் அந்தத் தவற்றில் பங்குடையோம், நானும்தான். மறுவாரம் "நான் கண்ட செஞ்சிக் கோட்டை" என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, பெரும்பாலோர் பேருந்தில் பாடிய பாட்டைப் பற்றித்தான் எழுதினார்கள். கோட்டையைப் பார்க்க அவர்களால் கண்ணைத் திறக்கவே முடியவில்லையே!

நாளைக் குறிப்பவர் யார்?

அந்த நாளை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று பின்னர் எண்ணிப் பார்த்தேன். தேர்வு முடிந்துவிட்டது, பாடம் கெடாது. முகூர்த்த நாள் அன்று. ஆகவே பேருந்து குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. ஆசிரியைகளுக்கு வேறு வேலையில்லை. இப்படிக் கணக்குப் பார்த்ததில் பாடத்திட்டம் இருந்தது, பேருந்து உரிமையாளர் இருந்தார், நாங்கள் இருந்தோம். குழந்தை மட்டும் இல்லை! பெரியவர்களின் வசதிக்கு மிஞ்சிய நாள் எதுவோ, அதுவே குழந்தைகளின் சுற்றுலா நாளாகிவிடுகிறது. இதை மாற்ற வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மாதங்களைப் பார்ப்போம்

முதலில் கோடை. மார்ச் நடுவிலிருந்தே செஞ்சியின் பாறைகள் சுடத் தொடங்கிவிடும். மண்ணைப் போலன்றிக் கருங்கல் வெயிலை உள்வாங்கி வைத்துக்கொண்டு, மாலை வரையிலும் அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். மேலே சூரியன், கீழே அடுப்பு. நடுவே நம் பிள்ளைகள். உயரம் குறைந்த குழந்தை அந்த அடுப்புக்கு நம்மைவிட அருகில் நடக்கிறாள் என்பதையும் நினைக்க வேண்டும். சிறுவர் உடல் பெரியவர் உடலைவிட விரைவில் சூடேறும். விளையாட்டு மும்முரத்தில் தாகமும் அவர்களுக்குத் தெரிவதில்லை. ஏப்ரல் 18 உலக மரபுரிமை நாள் என்பதால் அன்று பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துச் செல்லலாமே என்று சிலர் சொல்வதுண்டு. அந்த நாளை வகுப்பறையில் கொண்டாடுவோம்; மலைக்கு வேண்டாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கத்திரி ஓய்ந்திருக்கும். ஆனால் பகல் வெயில் ஓய்ந்திராது. மாலையில் இடியும் மின்னலுமாய் மழை திடீரென்று கொட்டும். திறந்த மலையுச்சியில் இடி மின்னலிடையே பிள்ளைகளை நிறுத்துவது எவ்வளவு ஆபத்து!

அடுத்து வடகிழக்குப் பருவமழைக் காலம். அக்டோபர் முதல் டிசம்பர் நடுவரை குளங்கள் நிரம்பி, மலை பசுமை போர்த்து நிற்கும். கண்ணுக்கு அழகுதான். ஆனால் ஈரப் பாறை வழுக்கும். புதர்களில் பூச்சி பொட்டு இருக்கும். 2024 நவம்பர் 30 இரவில் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, செஞ்சிக்கும் நமக்கும் இடையே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நம்மில் யார் மறப்போம்? ஒரு பெரும் படையே இந்த மழையிடம் தோற்றிருக்கிறது. 1690-இல் செஞ்சியை முற்றுகையிட்ட மொகலாயத் தளபதி சுல்பிகார் கான், 1692 இறுதியில் மராட்டியரின் தாக்குதலோடு மழையும் உணவுப் பஞ்சமும் சேர்ந்து வாட்டியதால் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. சேனையையே விரட்டிய காலத்தில் நாம் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

மிஞ்சுவது தை மாதம். மழை நின்றுவிட்டது, குளங்களில் நீர் இன்னும் இருக்கிறது, புல் இன்னும் காயவில்லை, காற்றில் குளிர்ச்சி இருக்கிறது. பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த வாரத்திலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை உள்ள ஏறக்குறைய இருபது நாட்களே குழந்தைகளோடு செஞ்சிக்குச் செல்ல ஏற்ற காலம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அந்த இருபது நாட்களிலும் சில நாட்களைத் தவிர்க்க வேண்டும். அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கும், பௌர்ணமியன்று திருவண்ணாமலை கிரிவலத்துக்கும் மக்கள் வெள்ளம் போவது இந்தச் செஞ்சிச் சாலையில்தான். அந்நாட்களில் பேருந்து ஊர்ந்து ஊர்ந்து, காலைப் பொழுது சாலையிலேயே கழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். காணும் பொங்கலன்று கோட்டையில் கூடும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். குறுகிய படிகளில் ஏறுவோரும் இறங்குவோரும் நெருக்கும்போது சிறு பிள்ளைகள் ஓரத்துக்குத் தள்ளப்படுவார்கள். ஆகவே நாட்காட்டியை எடுங்கள். அமாவாசை, பௌர்ணமி, முகூர்த்தம், விடுமுறை எல்லாவற்றையும் கழியுங்கள். மீதியாகும் வேலை நாட்களில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் ஆயா காட்டிய கடிகாரம்

நாள் கிடைத்துவிட்டது. இனி வேளை. இதற்கு நான் பின்பற்றும் கடிகாரம் என் ஆயா எனக்குக் கற்றுக் கொடுத்தது. இரும்பையில் மல்லாட்டைக் கொல்லைக்கும் முந்திரித் தோப்புக்கும் ஆயாவோடு நான் போவேன். பொழுது புலரும்போதே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏற ஏற அவர் தம் நிழலை அடிக்கடி குனிந்து பார்ப்பார். "நெழலு காலடிக்கு வந்துட்டா கொல்லையில நிக்கக் கூடாது, வா" என்று என்னை மர நிழலுக்கு இழுத்துக்கொண்டு போவார். பள்ளிக்கூடம் போகாத அந்த மூதாட்டி சொன்னதில் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்பது பின்னாளில்தான் எனக்கு விளங்கியது.

சூரியன் அடிவானத்திலிருந்து 45 பாகை உயரத்தில் நிற்கும்போது நம் நிழலும் நம் உயரமும் சமமாக இருக்கும். அதற்குமேல் சூரியன் ஏறினால் நிழல் நம்மைவிடக் குட்டையாகிவிடும், வெயில் கடுமையாகிவிடும். நம் பகுதியில் ஜனவரி இறுதியில் காலை ஏறக்குறைய 10.15 மணிக்குத்தான் நிழல் நம் உயரத்துக்குக் குறுகும். பிற்பகல் இரண்டரை மணியளவில் மீண்டும் நம் உயரத்துக்கு நீண்டுவிடும். ஆனால் ஏப்ரல் இறுதியிலோ காலை ஒன்பது மணிக்கே நிழல் குறுகிவிடும். பிற்பகல் மூன்றேகால் வரை நீளாது. ஏப்ரல் 22-ஐ ஒட்டி, உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்குமேல் வந்து, நட்ட கோலுக்கு நிழலே இல்லாமல் போகும் நாளும் நம் பகுதிக்கு உண்டு. நுழைவுச் சீட்டு வாங்கி, வரிசை சேர்த்து, எண்ணிக்கை பார்ப்பதற்குள் ஒன்பது அடித்துவிடும். ஆக, ஏப்ரலில் மலையேறுவதற்கு என்று ஒரு வேளையே கிடையாது! மாணவியரே, இதை என் சொல்லுக்காக நம்ப வேண்டாம். பள்ளி மைதானத்தில் ஒரு கோலை நட்டு, மாதம் ஒரு நாள் நிழலை அளந்து பாருங்கள்.

ஆகவே என் விதி இது: நிழல் உன் உயரத்துக்கு வந்துவிட்டால், மேலே ஏறுவதை நிறுத்து. எந்தப் படியில் நிற்கிறாயோ அந்தப் படியிலிருந்து இறங்கு. இதற்காகக் கோட்டை வாயில் திறக்கும் வேளைக்கே நாம் அங்கு நிற்க வேண்டும். பதினொன்றரைக்குள் அனைவரும் கீழே இறங்கியிருக்க வேண்டும். உச்சிப் பொழுதை நெற்களஞ்சியத்தின் தடித்த சுவர்களுக்கு உள்ளேயும் கல்யாண மகாலைச் சுற்றிய நிழலிலும் கழிக்கலாம். கட்டுச்சோற்றைப் பிரிக்குமுன் குரங்குகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கும் அதுதான் சாப்பாட்டு வேளை! இரண்டரை மணிக்கு நிழல் நீண்டபின், அழகிய கோபுரம் உடைய வேங்கடரமணர் கோயிலையும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலையும் பார்த்துவிட்டு, மூன்றரைக்குப் புறப்பட்டால் இருட்டுமுன் வீடு சேரலாம்.

பெண் பிள்ளைகளுக்காக ஒரு சொல்

பெண்கள் பள்ளி மலரில் இதைச் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? நம் பெண் பிள்ளைகள் வெளியூர் என்றாலே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். தாகத்தை அடக்குவது ஓர் ஒழுக்கம் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மலைமேல் கழிப்பறை கிடையாது என்பது உண்மைதான். அதற்கு மருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதன்று. மலைமேல் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. ஏறுமுன் எல்லோரும் கீழே போய் வந்துவிட வேண்டும். ஏறும்போது சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிடுவோம் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் பயப்பட மாட்டாள். காலையில் ஏறுவது வெயிலுக்கு மட்டும் விடையன்று. இந்தக் கூச்சத்துக்கும் அதுவே விடை.

மாதவிலக்கு நாளில் இருக்கும் மாணவி, "நான் கீழேயே இருக்கேன் மிஸ்" என்று தயங்காமல் சொல்லும்படி ஆசிரியைகள் நடந்துகொள்ள வேண்டும். காரணம் கேட்காமல், அவளோடு ஓர் ஆசிரியை கீழே தங்க வேண்டும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஆயிரம் படியும் ஏறிய பிள்ளைகள் உண்டு என்பது அன்னையருக்குத் தெரியும்.

உச்சியைத் தொட்டால்தான் சுற்றுலாவா?

உச்சியில் ரங்கநாதர் கோயில் இருக்கிறது. அதற்குச் சற்று முன்பு, அறுபது அடி ஆழப் பிளவின்மேல் பாலம் இருக்கிறது. பார்க்க வேண்டியவைதாம். ஆனால் எட்டாம் வகுப்புக்குக் கீழ் உள்ளவர்களை உச்சிக்கு அழைத்துச் செல்ல வேண்டாம் என்பது என் கருத்து. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கல்யாண மகாலும் களஞ்சியமும் ஆனைக்குளமும் போதும். அதற்கும் சிறியவர்களுக்கு இரும்பைக்கு மிக அருகில் திருவக்கரை இருக்கிறது. 2 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் தேசிய கல்மரப் பூங்கா அது. பிரெஞ்சு இயற்கையறிஞர் சொன்னேரா 1781-இலேயே அதைப் பற்றி எழுதினார். ஏறுவதற்கு மலையில்லை, ஆனால் நிழலும் குறைவு. அங்கும் ஆயாவின் கடிகாரத்தையே பார்த்துச் செல்லுங்கள். அந்த ஊர்க் கோயிலில் கூட்டம் சேரும் பௌர்ணமியைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்போர்க்கு என் விடை

"ஜனவரியில் திருப்புதல் தேர்வு வருமே!" என்பார்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினருக்கு அது சரி. அவர்கள் ஒன்பதாவதிலும் பதினொன்றாவதிலும் போய் வரட்டும். மற்றவர்களுக்கு ஒரு நாள் பாடம் போனால், ஒரு சனிக்கிழமையில் ஈடு செய்துவிடலாம்.

"தை மாதத்தில் கல்யாணங்கள் அதிகம், பேருந்து கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை அதிகம்" என்பார்கள். நவம்பரிலேயே நாளைக் குறித்து முன்பணம் கொடுத்தால் கிடைக்கும். மேலும் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அந்த மிச்சத்தைப் பேருந்துக்குச் சேர்க்கலாம்.

மூன்றாவதாகப் பெற்றோர் சொல்வதை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். "இருட்டோடு பெண் பிள்ளையை எப்படித் தெருவில் அனுப்புவது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தாமதமாகப் புறப்பட்ட பேருந்து தாமதமாகத்தான் திரும்பும். அப்போது பிள்ளை களைத்துப்போய், இரவு ஒன்பது மணிக்கு இருட்டில் வந்து இறங்குகிறாள். காத்திருந்து அழைத்துப்போகப் பெற்றோர் பள்ளி வாசலில் நிற்கிறார்கள். அதே தந்தை அல்லது தாய் காலை ஐந்தரைக்கு உடன் வந்து ஏற்றிவிட்டால், மாலை ஆறு மணிக்கு வெளிச்சத்தோடு பிள்ளை வீட்டில் இருப்பாள். எப்படியும் ஒருமுறை துணைக்கு வர வேண்டும். அது காலையாக இருக்கட்டுமே!

முடிவாக

சென்ற தடவை நாங்கள் சென்றது தை மாதத்து ஒரு வியாழக்கிழமை. நிழல் நீண்டு கிடக்கும்போதே ஏறத் தொடங்கினோம். உச்சிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில், ஒரு மாணவி தன் நிழலை அளந்து பார்த்து, "டீச்சர், சமமாயிடுச்சு" என்றாள். சிலருக்கு ஏமாற்றம்தான், ஆனாலும் இறங்கினோம். களஞ்சியத்தின் குளிர்ந்த இருளில் அமர்ந்து பழைய கதைகளைச் சொன்னேன். சுல்பிகார் கான் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டுப் பிடித்த இக்கோட்டையை, பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி 1750 செப்டம்பரில் ஓரிரவில் பிடித்ததைச் சொன்னபோது, பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அவரு வெயிலுக்கு முன்னாடியே ஏறிட்டாரு போல டீச்சர்!" களஞ்சியம் முழுதும் சிரிப்பு எதிரொலித்தது. அந்த ஆண்டுக் கட்டுரைகளில் மதில் இருந்தது, குளம் இருந்தது, தேசிங்கின் குதிரை இருந்தது. பேருந்துப் பாட்டு ஒரு வரியில் முடிந்துவிட்டது.

கோட்டை எங்கும் போய்விடாது. எட்டு நூற்றாண்டுகளாக நின்றது, அடுத்த ஆண்டும் நிற்கும். உச்சியை இந்த ஆண்டு பார்க்காதவள் வேறோர் ஆண்டு பார்க்கலாம்; தன் பிள்ளைகளோடும் வந்து பார்க்கலாம். ஆனால் ஏழாம் வகுப்பில் அவள் மலையைக் கண்டு அஞ்சிவிட்டால், பிறகு வரவே மாட்டாள். அன்று மயங்கி விழுந்த சிறுமி அதன்பின் செஞ்சிக்குப் போனாளா என்று நான் அடிக்கடி எண்ணிக்கொள்வதுண்டு.

ஆகவே தலைமையாசிரியைகளே, ஆசிரியைகளே, பெற்றோர்களே! வரும் ஆண்டுச் சுற்றுலாவுக்கு நாள் குறிக்கும்போது, பேருந்துக்காரருக்குத் தொலைபேசி செய்யுமுன் நாட்காட்டியைப் பாருங்கள். நாட்காட்டியைப் பார்த்தபின் நிழலைப் பாருங்கள். "காலையிலேயே போயிருக்கக் கூடாதா?" என்று இனி எந்தத் தாயும் நம்மைக் கேட்க வேண்டிய நிலை வரலாகாது.